கேளுங்க, சொல்றோம்: கோணலான ஜன்னல்ல ஏர்கான் மாட்ட முடியுமா?

கேள்வி: சிங்கப்பூர் தோ பாயோவுல பழைய அடுக்குமாடி புளோக் ஒண்ணுல மூணு ரூம் வீடு வாடகைக்கு எடுத்து இருக்கோம். மாமியாருக்கு வயசு 75 ஆகுது, அவங்க படுக்கற ரூம்ல ராத்திரி கூட புழுக்கம் தாங்கல. வீட்டு ஓனர் சுவத்துல ஓட்டை போடவே கூடாதுன்னுட்டாரு, அதனால ஸ்ப்ளிட் வைக்க வழியில்ல. ஜன்னல் ஏர்கான் வாங்கலாம்னு பார்த்தா ஜன்னல் ஒரு தினுசா இருக்கு. மேல திறக்காத கண்ணாடி ஒண்ணு, கீழ வெளிய பார்த்து திறக்கற ரெண்டு கதவு, உள்பக்கம் இரும்பு கிரில், பிரேம் வேற லேசா சாய்ஞ்ச மாதிரி இருக்கு. ஒரு கடையில "ஏறாது"ங்கறாங்க, இன்னொரு இடத்துல "பிரேமை கொஞ்சம் வெட்டிட்டா ஏறிடும்"ங்கறாங்க. யார் சொல்றதை நம்பறது?
— வாசகி, தோ பாயோ

பதில்: பிரேமை வெட்ட மட்டும் விட்டுடாதீங்கம்மா. ஏர்கான் இல்லாம இன்னும் ஒரு மாசம் ஃபேன் போட்டு சமாளிச்சாலும் பரவால்ல, அதை மட்டும் செய்யாதீங்க. மிச்சம் இருக்கற கண்ணாடி, கதவு எல்லாத்தையும் பிடிச்சுட்டு நிக்கிறது அந்த அலுமினிய பிரேம்தான், ஒரு பக்கம் வெட்டினா மறுபக்கம் பலம் போயிடும், மாடியில இருந்து ஒரு ஜன்னல் கதவு கழண்டு விழுந்தா கீழ நடக்கறவங்க உயிர் போகும். நம்ம சிங்கப்பூர்ல இதுக்கு சட்டமே கடுமையா இருக்கு, கவனக்குறைவால ஜன்னல் விழுந்தா 10,000 வெள்ளி (டாலர்) வரைக்கும் அபராதம், ஒரு வருஷம் வரைக்கும் சிறைத் தண்டனையும் கிடைக்கலாம். வெளிய திறக்கற ஜன்னல்ல கீலைப் பிடிச்சு வைக்கற அலுமினிய ரிவெட்டை (ஆணி மாதிரி இணைப்பு) எடுத்துட்டு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ரிவெட் போடணும்னு 2004லயே விதி வந்துடுச்சு. உங்க வீட்டுல எது இருக்குன்னு அந்த கீல் பக்கத்துல டார்ச் அடிச்சு ஒரு தடவை பாருங்க, பழசா, வெள்ளையா பொடி பூத்த மாதிரி இருந்தா ஏர்கானுக்கு முன்னாடி ஓனர்கிட்ட அதைத்தான் பேசணும்.

"ஏறாது"ன்னு சொன்னவர் பொய் சொல்லல, அவர் மனசுல இருந்தது அகலமான சாதாரண ஜன்னல் ஏர்கான், அது நிஜமாவே ஏறாது. நீங்க கேக்க வேண்டியது கேஸ்மென்ட் ஏர்கான். ஒல்லியா, உயரமா, ஒரே ஒரு ஜன்னல் கதவு இருக்கற இடத்துல நிக்கற மாதிரி செஞ்சது, அகலம் நாற்பது சென்டிமீட்டருக்குள்ளதான் வரும். ஒரு கதவை மட்டும் கழட்டி அந்த இடத்துல நிறுத்திட்டு, மேல மிச்சம் இருக்கற இடைவெளியை ஷீட் வச்சு அடைச்சுடலாம். கதவை கழட்டறதை BCA (கட்டட, கட்டுமான ஆணையம்) அங்கீகாரம் இருக்கற ஜன்னல் கான்ட்ராக்டர்கிட்டயே கொடுங்க. கழட்டின கதவை பத்திரமா துணி சுத்தி கட்டிலுக்கு அடியில வைங்க, வீடு காலி பண்ணும்போது அதை திருப்பி மாட்டித் தரணுமே.

இப்ப அந்த கோணல் விஷயம். பெரும்பாலான தப்பு அளக்கறதுலதான் நடக்குது, கண்ணாடியை அளந்துட்டு கடைக்கு ஓடிடறாங்க. கதவை முழுசா திறந்து வச்சுட்டு, ஏர்கான் உக்காரப் போற அந்த வெறும் இடைவெளியை அளங்க. அகலத்தை மேல, நடுவுல, கீழன்னு மூணு இடத்துல அளந்து அதுல எது சின்னதோ அதை எழுதிக்குங்க, உயரத்துக்கும் அதே மாதிரி. அப்புறம் மூலைக்கு மூலை குறுக்கா ரெண்டு பக்கமும் டேப் பிடிச்சுப் பாருங்க, ரெண்டும் ஒரே அளவு இல்லேன்னா உங்க சந்தேகம் சரி, பிரேம் சதுரமா இல்ல. அதுக்காக பயப்பட வேண்டாம், மிஷினை நேரா நிறுத்தி, கோணலை ஷீட்ல சரி பண்ணிக்கலாம். அட்டையை அந்த இடத்துல வச்சு பென்சிலால கோடு போட்டு வெட்டிப் பாருங்க, அட்டை சரியா உக்கார்ந்தா அதையே கடையில கொடுத்து அதே வடிவத்துல பாலிகார்பனேட் ஷீட் வெட்டித் தரச் சொல்லலாம். அக்ரிலிக் பார்க்க பளபளன்னு அழகா இருக்கும், ஆனா ஓரத்துல டிரில் போட்டா சட்டுனு விரிசல் விடும், நான் பாலிகார்பனேட்டைத்தான் சொல்வேன். பிளைவுட் வேண்டவே வேண்டாம், டிசம்பர் ஜனவரி மழையில ஊறி கறுப்பா பூஞ்சை பிடிச்சுடும், வயசானவங்க மூச்சு விடற ரூம்ல அது ஆகாது. ஸ்க்ரூ போடற ஓட்டையை ஸ்க்ரூவை விட கொஞ்சம் பெருசா போடச் சொல்லுங்க, வெயில்ல ஷீட் விரியும். சுத்தி அடைக்க நியூட்ரல் சிலிகான்னு கேட்டு வாங்குங்க, புளிச்ச வினிகர் வாசனை வர்ற சிலிகான் பாலிகார்பனேட்டை கெடுத்துடும்.

மிஷின் எடை 30 கிலோ பக்கம் வரும். அந்த எடை ஜன்னலுக்கு கீழ இருக்கற சிமெண்ட் திண்டுல இறங்கணும், அலுமினியத்துல தொங்கக் கூடாது. மாட்ட வர்றவங்க கிரில்லை கழட்டி வச்சுடுவோம்னு சொன்னா, திறந்த பக்கத்துல சின்னப் பசங்க எட்டிப் பார்க்க வழி இருக்கான்னு யோசிங்க.

இன்னொண்ணு, இதை யாரும் சொல்ல மாட்டாங்க. மிஷினோட பின்பாதியில ரெண்டு பக்கமும் மீன் செதில் மாதிரி வரிசையா கீறல் கீறலா ஓட்டை இருக்கும், வெளிக் காத்தை அது வழியாத்தான் இழுக்குது. அந்த ஓட்டை முழுசும் பிரேமைத் தாண்டி வெளிய இருக்கணும். இடுக்குக்குள்ள மாட்டிக்கிட்டா, இல்ல அழகா இருக்கட்டும்னு சிலிகான் பூசி அடைச்சுட்டா, சூடு வெளிய போக முடியாம கம்ப்ரஸர் அடிக்கடி நின்னு போகும், ரூம் குளிராது, கரண்ட் பில் மட்டும் ஏறும். பணம் கட்டறதுக்கு முன்னாடி கடையில மிஷினைத் திருப்பி அந்த ஓட்டை எங்க ஆரம்பிக்குதுன்னு அளந்துட்டு வாங்க.

சின்ன படுக்கை ரூமுக்கு 9,000 BTU (குளிர்விக்கற திறனோட அளவு) தாராளமா போதும். ஓடும்போது ஒரு கிலோவாட்டுக்குள்ளதான் இழுக்கும், ஆனா சில பழைய வீட்ல மெயின் 30 ஆம்பியர்தான் இருக்கும், ஹீட்டரும் அடுப்பும் சேர்ந்து ஓடினா தாங்குமான்னு லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு பாருங்க. எக்ஸ்டென்ஷன் வயர்ல மட்டும் சொருகாதீங்க, அது சூடாகி உருகும். எல்லாத்தையும் ஓனர்கிட்ட எழுத்துல சம்மதம் வாங்கிட்டு செய்யுங்க, வாட்ஸ்அப்ல ஒரு வரி இருந்தாலும் பிற்பாடு டெபாசிட் விஷயத்துல கைகொடுக்கும். மாமியாருக்கு 25 டிகிரி வச்சு, கூடவே மெதுவா ஃபேன் ஓட விடுங்க, அவங்களுக்கு அது இதமா இருக்கும்.

கேள்வி: ஜன்னல் ஏர்கான் உள்ள "சளக் சளக்"குன்னு தண்ணி அடிக்கிற சத்தம் வருது, ரிப்பேரா? ஜன்னல் ஓரத்துல உள்பக்கமும் கொஞ்சம் சொட்டுது.
— வாசகர், ஈசூன்

பதில்: சத்தம் ரிப்பேர் இல்லண்ணே. நிறைய மாடல்ல அடியில சேர்ற தண்ணியை பின்பக்க ஃபேன் அள்ளி சூடான காயில் மேல தெளிக்கும், காயில் சீக்கிரம் குளிரும்னு வேணும்னே அப்படி செஞ்சிருக்காங்க. அந்தத் தண்ணி தேங்கக் கூடாதுன்னு அடியில ஓட்டை போட்டுடாதீங்க. உள்பக்கம் சொட்டறதுதான் பிரச்சினை, மிஷின் சமமாவோ முன்பக்கம் சாய்ஞ்சோ இருக்கும், மேனுவல்ல சொன்ன அளவுக்கு வெளிப்பக்கம் லேசா இறக்கச் சொல்லுங்க, வடிகுழாய்ல தூசி அடைச்சிருந்தா எடுத்து விடுங்க. குழாயை வெளிய சும்மா தொங்க விட்டா கீழ் வீட்டுக்காரங்க மூங்கில் கம்புல காயப் போட்ட துணி மேல சொட்டும், அதை குளியலறை வடிகால் பக்கம் கொண்டு போயிடுங்க. வாளி வச்சு பிடிக்கறதா இருந்தா தினமும் கொட்டணும், ஏடிஸ் கொசு அந்தத் தண்ணியிலதான் முட்டை போடும்.

கேள்வி: எங்க வீட்ல லூவர் கண்ணாடி ஜன்னல், அதாவது கண்ணாடித் துண்டுகளை வரிசையா அடுக்கின ஜன்னல். ஜன்னல்ல ஏர்கான் மாட்டாம, தரையில வைக்கற போர்ட்டபிள் ஏர்கான் வாங்கி சூட்டுக் குழாயை அதுல நீட்டலாமா?
— வாசகி, பிடோக்

பதில்: நீட்டலாம், ஆனா ஒரே குழாய் உள்ளது ரூம் காத்தையே வெளிய தள்ளும், அந்த அளவுக்கு வெளிச் சூடு கதவு இடுக்கு, லூவர் இடுக்கு வழியா உள்ள வந்துக்கிட்டே இருக்கும். ரெண்டு குழாய் இருக்கற மாடலா பாருங்க, குழாய் போற கண்ணாடித் துண்டுகளை மட்டும் எடுத்துட்டு அங்க ஷீட் வைங்க, மிச்ச லூவரை இறுக்கி மூடி ஓரத்துக்கு ஸ்பாஞ்சு டேப் ஒட்டிடுங்க.