நாலு நிறத்துக்கு இவ்வளவு காசா? மலையகத்து மணப்பெண் கண்ணும் ஒரு விலைகூடிய ஐஷேடோவும்: கேள்வி பதில்

மணப்பெண் மேக்கப் செய்கிறவர்கள் அனுப்பிய கேள்விகளில் பாதி ஒரே பேலட்டை, அதாவது பல நிற ஐஷேடோவை ஒன்றாக அடைத்த டப்பாவைப் பற்றித்தான் வந்திருக்கின்றன: சார்லட் டில்பரி என்ற மேக்கப் கம்பெனியின் 'பில்லோ டாக்' லக்ஷரி பேலட். நாலு கட்டம், மொத்தம் 5.2 கிராம். கட்டங்களுக்கு பிரைம், என்ஹான்ஸ், ஸ்மோக், பாப் என்று பெயர். வெளிர் ரோசா, மங்கல் ரோசா, மரூன் கலந்த பழுப்பு, மின்னுகிற ரோசாத் தங்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மற்றக் கேள்விகளும் இதையொட்டியே வருவதால் சேர்த்தே பதில் சொல்கிறேன்.

ஹட்டனிலிருந்து: அக்கா, மாதத்துக்கு மூணு நாலு கல்யாணப் பொண்ணு செய்கிறேன். வெளிநாட்டிலிருந்து அண்ணன் வருகிறார், இந்தப் பேலட்டைக் கொண்டுவரச் சொல்லலாமா?

மேக்கப் பெட்டியில் முதல் பேலட் இதுதான் என்றால் வேண்டாம். மினுக்கமில்லாத மேட் நிறங்கள் ஏற்கெனவே கையில் இருந்து, இது இரண்டாவது என்றால் கொண்டுவரச் சொல்லுங்கள்.

கணக்கைப் பாருங்கள். ஒரு கட்டம் 1.3 கிராம்தான். விலைகூடிய வரிசையிலேயே பாட் மெக்ராத்தின் மதர்ஷிப் பேலட்டில் 10 நிறம், நடாஷா டெனோனாவின் கிளாம் பேலட்டில் 15 நிறம் கிடைக்கிறது. டில்பரி பேலட் தன் கண்ணுக்குத் தானே பூசிக்கொள்கிற பெண்ணுக்காகச் செய்தது. நாலையும் வரிசையாகப் போட்டால் வேலை முடிந்தது என்பதுதான் அதன் யோசனை. பத்து விதத் தோலுக்கும் பத்து நிறச் சேலைக்கும் பதில் சொல்லவேண்டிய தொழில் பெட்டிக்கு அது பத்தாது.

காசு எங்கே போகிறது என்றால், பாப் கட்டத்தில். மலிவான ஷிமரில், அதாவது மினுக்க ஐஷேடோவில், அபிரகத் துணுக்கு பெரிதாக இருக்கும், பிடிப்பும் குறைவு. பூசும்போதே கன்னத்தில் கொட்டும், இமைச் சுருக்கத்தில் கோடு கோடாய்த் தேங்கும். இதில் துணுக்கு சன்னம், எண்ணெய்ப் பிடிப்பு சரியான அளவு. ஈரம் தொட்ட தகடு மாதிரி இமையில் படுத்துக்கொள்ளும். மேட் கட்டங்கள் நல்லவைதான், ஆனால் அந்த விலைக்குரிய வித்தியாசத்தை நான் அவற்றில் காணவில்லை. நல்ல மேட், நடுத்தர விலையிலேயே கிடைக்கிறது.

தலவாக்கலையிலிருந்து: கொஞ்சம் கறுத்த பொண்ணுக்கு அந்த முதல் நிறத்தைப் போட்டால் சாம்பல் பூசினமாதிரி ஆகிறது. என் கையில் பிழையா, பேலட்டில் பிழையா?

இரண்டும் இல்லை, நிறப் பொருத்தம். வெளிர் நிறத்துக்கு வெளுப்பைக் கொடுப்பது பெரும்பாலும் டைட்டானியம் டையாக்சைடும் டால்க்கும். வெளுத்த தோலில் அது தெரியாது. நம் பழுப்புத் தோலுக்கு அடியில் மஞ்சளும் செம்மஞ்சளும் இருக்கிறது. அதன்மேல் வெள்ளை கலந்த குளிர் ரோசா மெல்லியதாய்ப் படிந்தால் கண் அதைச் சாம்பலாகத்தான் பார்க்கும். இன்னும் கொஞ்சம் போட்டால் சரியாகிவிடும் என்று நினைப்போம். போடப் போடச் சாம்பல்தான் கூடும்.

இமையின் கருமையை மறைக்கக் கன்சீலர் போடும்போதே முகத்தைவிட வெளுத்ததை எடுக்காதீர்கள். பாதிப் பிழை அங்கேதான். தோல் நிறத்திலேயே, அல்லது அரை நிறம் கூட்டி, ஒரு கண்ணுக்கு அரை அரிசி அளவு போதும். இமையின் நடுவில் வைத்து விரலால் தட்டித் தட்டிப் பரப்புங்கள், இழுக்கவேண்டாம். அதன்மேல் தோல் நிறப் பவுடரை ஒரே ஒரு தடவை தொடுங்கள்.

அடுத்து இமை மடிப்புக்கு முகத்தைவிட இரண்டு நிறம் கூடிய சூடான மேட். கருவாப்பட்டை நிறம், செங்கல் நிறம் இரண்டில் ஒன்று. இது பில்லோ டாக்கில் கிடையாது, வேறு பேலட்டிலிருந்து வரவேண்டும். பிரஷ்ஷை நுனியில் பிடித்து, இடமும் வலமுமாக ஏழெட்டுத் தடவை. அதற்குப் பிறகுதான் ஸ்மோக் வெளி மூலைக்கு, பாப் இமை நடுவுக்கு. என்ஹான்ஸ் மாநிறத்துக்கு அழகாக இருக்கும். நல்ல கறுப்புக்கு அது ஒரு மேல்தூசி அளவுக்குத்தான் நிற்கும். பிரைம் கண்ணின் உள்மூலையில் ஒரு பொட்டு, அவ்வளவுதான். புருவத்துக்குக் கீழே பட்டையாக இழுக்கவே வேண்டாம். பிளாஷ் படத்தில் அந்த இடம்தான் முதலில் வெள்ளையாக வந்து நிற்கும்.

நுவரெலியாவிலிருந்து: தை மாதக் கல்யாணம், காலை நாலு மணிக்கே உட்காரவேண்டும். பிரைமர் கட்டியாகிவிடுகிறது, ஐஷேடோ திட்டுத் திட்டாகப் பிடிக்கிறது. கொழும்பில் செய்தால் இந்தப் பிரச்சினை இல்லை.

கடல்மட்டத்துக்கு 1,868 மீட்டர் மேலே இருக்கிறீர்கள். தை மாதத்து விடியற்காலையில் சில நாள் புல்லில் உறைபனியே கிடக்கும். ஐஷேடோவுக்கு அடியில் பூசுகிற கிரீம் பிரைமரிலும் குச்சி ஐஷேடோவிலும் இருக்கிற மெழுகு அந்தக் குளிரில் இறுகிவிடும். பரவாத மெழுகு ஒரு இடத்தில் தடிப்பாகவும் ஒரு இடத்தில் இல்லாமலும் நிற்க, மேலே போடுகிற பவுடர் தடித்த இடத்தைக் கவ்விக்கொள்ளும். திட்டு வருவது இதனால். குளிரில் இமைத்தோலும் வறண்டு பொருக்குத் தட்டியிருந்தால் கேட்கவே வேண்டாம்.

பிரைமர், கன்சீலர் இரண்டையும் அரை மணி நேரம் முன்பே சுவெட்டரின் உள்பையில் போட்டுக்கொள்ளுங்கள். உடம்புச் சூடு போதும். அடுப்புப் பக்கமோ ஹீட்டர் மேலோ வைத்தால் எண்ணெய் பிரிந்துவிடும், பிறகு ஆறினாலும் பழைய பதத்துக்கு வராது. பொண்ணு உட்கார்ந்ததும் இமைக்கு மொய்ஸ்சரைசர் பச்சைப்பயறு அளவு. பத்து நிமிடம் விட்டு, மிச்சத்தை டிஷ்யூவால் ஒற்றி எடுங்கள். அந்தப் பத்து நிமிடத்தில் தலைமுடி வேலையைத் தொடங்கலாம்.

பலர் கவனிக்காத ஒன்று: வேனில் குளிர்ந்து கிடந்த பெட்டியை, கேத்தில் கொதிக்கிற, ஆள் நிறைந்த அறைக்குள் கொண்டுபோய் உடனே திறப்பது. அறையிலிருக்கிற ஈரம் பேலட் கண்ணாடியில் வியர்க்கிறமாதிரியே பவுடரிலும் ஒதுங்கும். ஈரம் பட்ட மேட் பிரஷ்ஷில் கட்டியாக வரும், காய்ந்தபின் மேலே ஓடு கட்டும். பெட்டியை 20 நிமிடம் மூடியபடியே அறையில் வைத்துவிட்டுத் திறங்கள். வீட்டில் வைக்கும்போது சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு உள்ளே கிடக்கட்டும்.

பாப் கட்டத்தை மோதிர விரலால் வைத்தால்தான் அதன் முழு மினுக்கம் வரும், விரல் சூட்டில் பிடிப்பு இளகும். குளிர்ந்த விரலுக்கு அது நடக்காது. கையைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு வையுங்கள்.

மஸ்கெலியாவிலிருந்து: லயத்திலிருந்து கோயிலுக்கு மழையில் நடக்கவேண்டும், பிறகு ஓமப்புகை. இந்த விலைக்கு நனைந்தாலும் நிற்குமா?

நிற்காது. பவுடர் ஐஷேடோ எந்த விலையிலும் தண்ணீருக்கு நிற்காது, நிற்கவைப்பது அடியில் போடுகிற பிரைமர். புகைக்குக் கண்ணீர் வருவது உறுதி, ஆகவே கீழ் இமையில் ஐஷேடோவே போடாதீர்கள். கறை இறங்குவது அங்கிருந்துதான். வாட்டர்ப்ரூஃப் மஸ்காரா மேல் இமைக்கு மட்டும். தோழிப்பெண் கையில் டிஷ்யூ கொடுத்து, நுனியை முறுக்கி உள்மூலையில் ஒற்றச் சொல்லுங்கள். துடைத்தால் எல்லாம் போச்சு.

பண்டாரவளையிலிருந்து: பாப் கட்டம் மேலே கண்ணாடிமாதிரி இறுகிவிட்டது, பிரஷ்ஷில் ஒன்றும் ஏறுவதில்லை. பழுதா?

பழுதில்லை. விரல் எண்ணெயோ ஈரப் பிரஷ்ஷோ மேற்பரப்பில் ஓடு கட்டியிருக்கிறது. செலோடேப்பை மெதுவாக ஒற்றி எடுங்கள், இரண்டு மூன்று தடவையில் புதுப் பவுடர் தெரியும். கத்தியால் சுரண்டினால் கட்டம் விரிசல் விடும். இனிமேல் மேக்கப் கலையாமலிருக்க அடிக்கிற செட்டிங் ஸ்ப்ரேயைப் பிரஷ்ஷில் அடிப்பதென்றால் நிறத்தை எடுத்த பிறகு அடியுங்கள்.

பதுளையிலிருந்து: ஆன்லைனில் இதே பேலட் 'மாஸ்டர் காப்பி' என்று பத்தில் ஒரு பங்கு விலைக்கு வருகிறது. நிறம் அதேமாதிரி இருக்கிறது.

மாஸ்டர் காப்பி என்று ஒரு தரம் உலகத்தில் கிடையாது, போலி என்பதற்கு மரியாதையான பெயர் அது. நிறத்தை யாரும் காப்பியடிக்கலாம். உள்ளே போட்ட சாயம் கண்ணுக்கு ஏற்றதா, ஈயம் கலந்ததா என்பதை நிறம் சொல்லாது. அட்டைப் பெட்டியிலும் பேலட்டின் அடியிலும் இருக்கிற பேட்ச் எண் ஒத்துப்போகவேண்டும், எடையும் உட்பொருள் பட்டியலும் அச்சாகியிருக்கவேண்டும். இவை இல்லாவிட்டால் நிச்சயம் போலி. இருந்தாலும் அசல் என்று உறுதியில்லை, அச்சடிக்கிறவன் அதையும் அச்சடிப்பான். வாங்குகிற இடம்தான் ஒரே உத்தரவாதம். கூலி வாங்கிக்கொண்டு அடுத்தவர் பிள்ளை கண்ணில் வைக்கிற சாமான் இது.

கண்டியிலிருந்து: ஒரே நாளில் பொண்ணு, தோழி, இரண்டு அம்மாமார். ஒரே பேலட்டை எல்லோருக்கும் தொடலாமா?

தொடலாம், நேரடியாக அல்ல. சின்ன ஸ்பாட்டுலாவால் வேண்டிய அளவைச் சுரண்டி ஒரு ஸ்டீல் தட்டில் போட்டு, அங்கிருந்து எடுங்கள். நுவரெலியாவுக்குச் சொன்ன விரல் முறையும் இந்தத் தட்டிலிருந்துதான், அதுவும் கை கழுவிய பிறகு. ஒவ்வொருவருக்கும் தனிப் பிரஷ். நாள் முடிந்ததும் 70 சதவீத ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலை ஒரு சாண் தூரத்திலிருந்து மென்மையாக அடித்து, முழுக்கக் காயவிட்டு மூடுங்கள். யாருக்காவது கண் சிவந்து பீளை தள்ளியிருந்தால் அன்றைக்கு அந்தக் கண்ணுக்கு மேக்கப் இல்லை. கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

ராகலையிலிருந்து: இதில் பூச்சி கலந்திருக்கிறதாமே? விரதம் இருக்கிற பொண்ணு கேட்கிறாள்.

சிவப்பு, ரோசா நிற ஐஷேடோக்கள் பலவற்றில் கார்மைன் உண்டு. கொச்சினீல் என்ற பூச்சியிலிருந்து எடுக்கிற சாயம். பெட்டியின் பின்பக்கத்தில் கார்மைன் என்றோ சி.ஐ. 75470 என்றோ இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள். 77491, 77492, 77499 என்பவை இரும்பு ஆக்சைடு, அவற்றில் பூச்சி இல்லை. பேலட்டுக்குப் பேலட் மாறும் என்பதால் கையிலிருக்கிற பெட்டியைப் படிப்பதுதான் சரி.

கொட்டகலையிலிருந்து: 13 வயதுப் பிள்ளைக்குச் சடங்கு. அம்மா நிறைய மினுக்கம் கேட்கிறார். கைவேலைக் கடை கிளிட்டர் போடலாமா?

கூடவே கூடாது. அதன் ஓரம் கூர்மை, கருவிழியைக் கீறும். பாப் மாதிரி சன்னமான ஷிமரை இமை நடுவில் ஒரு தொடுகை. மினுக்கம் வேண்டுமென்றால் நெற்றிச்சுட்டியில் இருக்கட்டும்.

வட்டவளையிலிருந்து: எல்லாம் படித்தேன். இந்தக் காசைக் கையில் வைத்துக்கொண்டு வேறு என்ன வாங்குவீர்கள்?

தனிக் கட்டமாக விற்கிற மேட் நாலு: கருவாப்பட்டை, செங்கல், கடுங்காப்பிப் பழுப்பு, கறுப்பு. சூடான தங்க ஷிமர் ஒன்று, செம்புநிற ஷிமர் ஒன்று. இந்த இரண்டில் மட்டும் விலை பார்க்காதீர்கள். அரக்கு, மெரூன் முகூர்த்தச் சேலைக்குத் தங்கமும் கடுங்காப்பியும், வரவேற்புக்குக் கட்டுகிற ரோசாச் சேலைக்குச் செம்பு. மிஞ்சுகிற காசில் நல்ல பிரஷ் இரண்டு: மடிப்புக்கு மெத்தென்ற கூம்பு ஒன்று, வெளி மூலைக்குச் சின்ன பென்சில் பிரஷ் ஒன்று. பிரஷ் மட்டமென்றால் டில்பரியும் சந்தைச் சாமானும் இமையில் ஒன்றுபோலத்தான் தெரியும்.