வீட்டில் சாது, பள்ளியில் அடிதடி: ஏன்?

கேள்வி: என் மகனுக்கு 9 வயது, நான்காம் வகுப்பு. அவன் அப்பா முன்னால் வாயே திறக்க மாட்டான். பள்ளியில் மட்டும் கூடப் படிக்கிற பிள்ளைகளை அடிக்கிறான். டீச்சர் கூப்பிட்டுச் சொல்லும் அன்றெல்லாம் அவன் அப்பா பெல்ட்டை எடுத்துவிடுகிறார். இரண்டு நாள் அடங்கி இருப்பான், அப்புறம் பழையபடிதான். இவனுக்குக் கட்டுப்பாடு எப்படி வரும்?

பதில்: 'இரண்டு நாள்' என்று எழுதியிருக்கிறீர்களே அம்மா, விஷயமே அங்கேதான் இருக்கிறது. அந்த இரண்டு நாளும் அவனை அடக்கி வைத்தது பயம். அப்பா இல்லாத இடத்தில் பயமும் இல்லை, அதனால் கை நீளுகிறது.

இப்படி வரும் பிள்ளைகளிடம் நான் ஒன்று கேட்பேன். "தண்ணி பிடிக்க வரிசையில் நிற்கிறாய். பின்னால் நிற்பவன் கை பட்டு உன் பாட்டில் விழுந்துவிட்டது. ஏன் அப்படிச் செய்தான்?" பல பிள்ளைகள், "தெரியாம பட்டிருக்கும்" என்பார்கள். அடிபட்டே வளர்ந்த ஒரு பையன், "வேணும்னேதான் தள்ளினான்" என்றான். சொல்லும்போதே அவன் விரல்கள் மடங்கிவிட்டன. அமெரிக்க உளவியலாளர் கென்னத் டாட்ஜும் சக ஆய்வாளர்களும் 1990இல் வெளியிட்ட ஆய்வும் இதையே காட்டியது: வீட்டில் கடுமையாக அடிபட்ட பிள்ளைகள் மற்றவர் செயலில் கெட்ட எண்ணத்தையே அதிகம் பார்க்கிறார்கள், பள்ளியில் அடிதடியிலும் அதிகம் இறங்குகிறார்கள். எப்போது அடி விழும் என்று காத்திருக்கிற பிள்ளைக்கு நிதானிக்க நேரம் ஏது?

எல்லா முரட்டுத்தனத்துக்கும் வீடுதான் காரணம் என்று சொல்ல மாட்டேன். தூக்கக் குறைவு, கவனக்குறைபாடு, வகுப்பில் மற்றவர் செய்யும் கேலி, இவற்றையும் மருத்துவரிடமும் டீச்சரிடமும் பேசிப் பாருங்கள். ஆனால் முதலில் நிற்க வேண்டியது பெல்ட். "அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான்" என்று அவர் சொல்லலாம். இத்தனை அடிக்குப் பிறகும் புகார் நின்றபாடில்லையே என்று, பையன் இல்லாத நேரத்தில் எடுத்துச் சொல்லுங்கள்.

அடுத்த முறை புகார் வந்தால் அவன் முகம் கழுவட்டும், சாப்பிடட்டும். அரை மணி நேரம் கழித்து, "முதல்ல என்ன நடந்துச்சு?" என்று கேளுங்கள். "அவன் தெரியாமல் செய்திருப்பானோ?" என்றும் கேளுங்கள். மன்னிப்புக் கேட்பது, உடைத்ததை ஒட்டிக் கொடுப்பது, இவை தண்டனையாகப் போதும். கோபம் வந்தால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு டீச்சர் பக்கத்தில் போய் நிற்க வீட்டிலேயே பழக்குங்கள். டீச்சரிடமும் சொல்லி வையுங்கள்.

தன்னடக்கம் பிறவியிலேயே முடிவாகிவிடுவதில்லை. நியூசிலாந்தின் டனீடன் நகரில் 1972-73இல் பிறந்த ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைத் தொடர்ந்து கவனித்தார்கள். சிறு வயதில் தடுமாறினாலும் வளர வளரத் தன்னடக்கம் கூடிய பிள்ளைகள், பெரியவர்களானபோது நன்றாகவே இருந்தார்கள். உங்கள் மகனுக்கு இப்போதுதான் 9 வயது.

அவர் அடிப்பதை நிறுத்தவில்லை என்றாலோ, பிள்ளை உடம்பில் தழும்பு தெரிந்தாலோ 1098க்குக் கூப்பிடுங்கள். குழந்தைகளுக்கான இலவச உதவி எண் அது, நீங்களே பேசலாம்.