புதுப் பாட்டு கச்சேரியில் நிலைப்பது எப்படி?

"கர்நாடக சங்கீத மேடையில் புதிய பாடல்கள் ஏன் எடுபடுவதில்லை? பாடகர்கள் அவற்றை ரசிகர்களிடம் எப்படிக் கொண்டு சேர்க்கிறார்கள்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் பாடுகிறவன் இல்லை. இருபது வருடமாக மார்கழியில் மயிலாப்பூர் சபாக்களில் உட்கார்ந்து கேட்கிறவன். நான் பார்த்தவரை, கச்சேரியில் பாட்டுக்கு எந்த இடம் கொடுக்கிறார்கள் என்பதில்தான் பாதி விஷயம் இருக்கிறது. கடைசியில் துக்கடாவாக, அதாவது சின்ன உதிரிப் பாட்டாக, ஐந்து நிமிடம் பாடினால், பாதிப் பேர் அதற்குள் எழுந்திருப்பார்கள். மனதில் எப்படி நிற்கும்? தமிழ்ப் பாட்டு முழுவதற்குமே ஒரு காலத்தில் இந்தக் குறை இருந்தது. 1940களில், மேடையில் தமிழ்ப் பாட்டுக்கு உரிய இடம் கேட்டுத் தமிழிசை இயக்கம் எழுந்ததற்கு அதுவும் ஒரு காரணம். பாபநாசம் சிவன் பாடல்கள் அன்று புதுசு. டி.கே.பட்டம்மாள் போன்றவர்கள் அவரிடமே கற்று மேடையேற்றினார்கள்.

சில வருடங்களுக்கு முன் மதியம் ஓர் இலவசக் கச்சேரி. நாற்பது பேர் இருந்திருப்போம். பாடியவர் இளம்பெண். பிரதான உருப்படிக்குக் காம்போஜியை எடுத்து சொற்களில்லாமல் நிதானமாக ராகத்தை விரித்து ஆலாபனை செய்தார். தெரிந்த ராகம் என்பதால் எல்லோரும் அதில் மூழ்கிவிட்டோம். அப்புறம் இரண்டே வாக்கியம்: கடலைப் பற்றிய புதுப் பாட்டு, எழுதியவர் நம்மோடு வாழ்கிறவர். எடுப்பு, அதாவது தாளத்தில் பாட்டு தொடங்கும் இடம், அரை இடம் தள்ளி வந்தது; எங்கள் தாளம் தடுமாறியது. அதைக் கவனித்தவர், கையை உயர்த்தித் தாளத்தை எல்லோருக்கும் தெரியும்படி போட்டு, பல்லவியைத் திருப்பித் திருப்பிப் பாடினார்.

பிறகு நிரவல். ஒரே வரியை இருபது முப்பது விதமாகப் பாடும்போது அந்தச் சொற்கள் தானாக மனப்பாடமாகிவிடுகின்றன. புதுப் பாட்டை ரசிகனுக்குக் கற்றுக்கொடுக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. அது நம் கச்சேரி முறையிலேயே இருக்கிறது. அன்று வீடு திரும்பும்போது பேருந்தில் அந்த வரியைத்தான் முணுமுணுத்துக்கொண்டிருந்தேன்.

கேட்பவர்கள் இருக்கும் இடத்துக்கே பாட்டைக் கொண்டுபோவதும் உண்டு. பாடகர் டி.எம்.கிருஷ்ணா, எழுத்தாளர் பெருமாள்முருகனின் கீர்த்தனைகளை மேடையில் பாடுகிறார். சென்னையின் மீனவர் குப்பமான ஊரூர் ஆல்காட் குப்பத்தில் விழா நடத்தியதிலும் முன்நின்றார். 2017இல் கபேர் வாசுகி எழுதிய, பொதுநிலங்களைப் பற்றிய புறம்போக்குப் பாடலை எண்ணூரில் நின்று பாடினார். சபா வாசலை மிதிக்காத என் தம்பிகூட அதைக் கேட்டான்.

எனக்கு வருத்தம் ஒன்றுதான். பலர் புதுப் பாட்டை ஒரு சீசனில் பாடிவிட்டு அத்தோடு விட்டுவிடுகிறார்கள். நாலைந்து வருடம் விடாமல் பாட வேண்டும், சிஷ்யர்களுக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டும். அந்தப் பெண் அப்படித்தான் செய்கிறார். போன மார்கழியில் பின்வரிசையிலிருந்து ஒருவர் அந்தக் காம்போஜிப் பாட்டைப் பாடச் சொல்லிச் சீட்டு அனுப்பினார்.