விருப்ப ஓய்வு எடுத்தால் பென்ஷன் எப்போது வரும்?

கேள்வி: மத்திய அரசுப் பணியில் இருக்கிறேன். ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டத்தைத் (யுபிஎஸ்) தேர்ந்தெடுத்தேன். 25 ஆண்டு முடிந்ததும், 50 வயதில் விருப்ப ஓய்வு பெற்றால் பென்ஷன் உடனே கிடைக்குமா? (வாசகர், திருச்சி)

பதில்: கிடைக்காது. பணியில் நீடித்திருந்தால் எந்த நாளில் ஓய்வு பெற்றிருப்பீர்களோ, அந்த நாளிலிருந்துதான் வரும். 60 வயது வரை, பத்து ஆண்டுகளுக்குப் பென்ஷனும் இல்லை, அகவிலை நிவாரணமும் இல்லை. அனுபவசாலிகளைப் பணியில் தக்கவைக்கும் விதி இது. ஆனால் உடல்நலம் குன்றியவர்களுக்கு மிகக் கடுமையானது என்பதே எங்கள் கருத்து.

கடைசி 12 மாத அடிப்படைச் சம்பளத்தின் சராசரி ரூ.80,000 என்றால், 300 மாதப் பணிக்குப் பென்ஷன் ரூ.40,000, அதன்மேல் அகவிலை நிவாரணம். பலர் கவனிக்காதது: உங்கள் ஓய்வூதியக் கணக்கிலிருந்து பகுதித் தொகை எடுத்துத் திரும்பச் செலுத்தாவிட்டாலோ, சந்தா விடுபட்டிருந்தாலோ பென்ஷன் அதே விகிதத்தில் குறையும். இப்போதே பரிவர்த்தனை அறிக்கையை எடுத்து மாதவாரியாகச் சரிபாருங்கள்.

பென்ஷன் சம்பள வருமானமாகவே வரிக்கு உட்படும். புதிய வரிமுறையில் ரூ.75,000 நிலையான கழிவு உண்டு. அவசரத்தில் ராஜினாமா மட்டும் செய்துவிடாதீர்கள். அதற்கு உறுதியளிக்கப்பட்ட பென்ஷனே கிடையாது.