18 லட்சம் மனை, 28 லட்சம் கணக்கு

கேள்வி: வயது 32. தனியார் நிறுவனத்தில் மாதம் 58,000 ரூபாய் சம்பளம். மதுராந்தகம் பக்கம் அரை கிரவுண்ட் மனை 18 லட்சத்துக்கு வருகிறது. கையில் 8 லட்சம் சேமிப்பு. மீதிக்கு வங்கிக் கடன். ஐந்து வருடத்தில் இரட்டிப்பாகும் என்கிறார் புரோக்கர். வழிகாட்டி மதிப்புக்கு (பதிவுக்காக அரசு நிர்ணயித்த மதிப்பு) மட்டும் பத்திரம் போட்டு, மீதியை ரொக்கமாகக் கொடுத்தால் செலவு மிச்சமாம். இதுதான் என் முதல் முதலீடு. வாங்கலாமா?
- வாசகி, ஆவடி

பதில்: இப்போது வேண்டாம். மனை வாங்குவதே தப்பு என்று சொல்லவில்லை. இருக்கிற 8 லட்சத்தையும் துடைத்து எடுத்துப் போடப் போகிறீர்களே, அதுதான் எனக்குக் கவலை. வேலை போனாலோ, வீட்டில் யாருக்காவது ஆஸ்பத்திரிச் செலவு வந்தாலோ மனையில் கால் சென்ட்டை மட்டும் பிய்த்து விற்க முடியாது.

கணக்கைப் பாருங்கள். முத்திரைத் தீர்வை 7%, பதிவுக் கட்டணம் 2%: ஆக 1.62 லட்சம். வக்கீல் கட்டணம், இதர செலவு சேர்த்தால் 20 லட்சத்தைத் தொடும். 12 லட்சம் கடன், 9.5% வட்டி, பத்து வருடம் என்றால் மாதத் தவணை சுமார் 15,500 ரூபாய். முதல் ஐந்து வருடத்தில் வட்டி மட்டும் 4.7 லட்சம். உங்கள் 8 லட்சம் 6.5% வைப்புநிதியில் இருந்திருந்தால் 3 லட்சம் ஈட்டியிருக்கும். விற்கும்போது கமிஷன் வேறு. ஆக, 28 லட்சத்துக்கு விற்றால்தான் கைக்காசு நஷ்டமாகாது. லாபம் அதற்கு மேல்தான் ஆரம்பிக்கிறது. வாடகையும் வராது, வீடு கட்டாத மனைக் கடனுக்கு வரிச் சலுகையும் கிடையாது.

இரட்டிப்பு என்பது வருடத்துக்கு ஏறக்குறைய 15% கூட்டு வளர்ச்சி. அது உண்மையா என்று அறிய, அதே சாலையில் ஐந்து வருடம் முன்பு போட்ட லே-அவுட்டுக்குப் போய், அங்கே மனை வாங்கியவர்களிடம் மறுவிற்பனை எவ்வளவுக்குப் போனது என்று கேளுங்கள். புதிய மனை விற்பவர் சொல்லும் விலையை நம்ப வேண்டாம்.

ரொக்க யோசனையைத் தொடவே தொடாதீர்கள். சொத்து விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறுவது வருமான வரிச் சட்டப்படி தண்டத்துக்குரியது. தவிர, பத்திர மதிப்பு குறைந்தால் வங்கி தரும் கடனும் குறையும். நாளை விற்கும்போது நீங்கள் வாங்கிய விலை குறைவாகத் தெரிவதால் 12.5% மூலதன ஆதாய வரி கூடும்.

ஆவணங்களில் முதலில் டி.டி.சி.பி. (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அனுமதி, ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு எண் இரண்டையும் பாருங்கள். பஞ்சாயத்துத் தலைவர் கையெழுத்து போதாது. வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறை இணையதளத்தில் நீங்களே பார்க்கலாம். ஆனால் பதிவான பரிவர்த்தனைகளை மட்டுமே அது காட்டும். பதியாத ஒப்பந்தமும், கையெழுத்துப் போடாத வாரிசின் பங்கும் அதில் வராது. அதற்குத்தான் 30 வருட மூலப் பத்திரங்களை வக்கீல் படிக்க வேண்டும். புரோக்கர் காட்டும் வக்கீல் கூடாது, உங்கள் வக்கீல். பவர் பத்திரத்தில், அதாவது உரிமையாளர் தந்த அதிகாரத்தை வைத்து வேறொருவர் விற்றால், பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா, பவர் ரத்தாகவில்லையா என்பதும் முக்கியம்.

ஆறு மாதச் செலவுக்கான பணத்தைத் தனியே ஒதுக்கிவிட்டு, இன்னும் இரண்டு வருடம் சேர்த்த பின் இதே பகுதியைப் பாருங்கள். அட்வான்ஸ் கொடுத்தீர்களா என்று எழுதவில்லை. இன்னும் கொடுக்கவில்லை என்றால், ஆவணங்களின் நகல் கைக்கு வரும்வரை ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். கொடுத்துவிட்டீர்கள் என்றால், வக்கீல் குறை கண்டால் முழுத் தொகையும் திரும்பத் தரப்படும் என்று இந்த வாரமே எழுத்தில் வாங்கிவிடுங்கள்.