கச்சேரிப் பதிவில் விழுந்த இருமலை ஏன் சுலபமாக நீக்க முடிவதில்லை?

பாட்டோடு சேர்ந்து பதிவாகும் இருமல், நாற்காலிச் சத்தம், செல்போன் மணி எல்லாமே அவையோர் இரைச்சல்தான். மின்விசிறியின் ரீங்காரம் சீரானது. பாட்டில்லாத ஓரிரு விநாடிகளை மாதிரியாகக் காட்டினால் மென்பொருள் அதைக் கழித்துவிடும். இருமலோ சட்டென்று வெடித்து, பாடகரின் குரல் இருக்கும் அதே அலைவரிசைகளிலும் பரவுகிறது. ரசத்தில் கூடிப்போன உப்பைப் போல, தனியே அள்ள முடியாது.

எந்த நேரத்தில் எந்த அலைவரிசை ஒலிக்கிறது என்று காட்டும் ஒலி வரைபடத்தில் அந்தத் துண்டை மட்டும் குறித்து, அக்கம்பக்கத்து ஒலியால் நிரப்பலாம். ஆலாபனையில் ஒரே சுரத்தை நீட்டி நிறுத்தும் கார்வையில் இது நன்றாகவே ஒட்டும். சுரங்கள் மளமளவென்று உருளும் வேகமான பிருகாவில் ஒட்டுப்போட்டது காட்டிக்கொடுத்துவிடும். அங்கே, என்னைக் கேட்டால், இருமலே இருந்துவிட்டுப் போகட்டும்.

விலை உயர்ந்த மைக் வாங்கினால் இருமல் பதியாது என்பது தவறான நம்பிக்கை. சாதாரண மைக்கைப் பாடகருக்கு அருகில் வைப்பதே அதிகம் உதவும்.