தொலைநோக்கி இல்லாத தோட்டப் பாடசாலை உலக வானியல் நிகழ்ச்சிகளில் சேர முடியுமா?

கேள்வி இதுதான்: ஹட்டன் பக்கம் தோட்டப் பாடசாலை ஒன்றில் விஞ்ஞானம் கற்பிக்கும் ஓர் ஆசிரியை, உலக அளவில் நடக்கும் வானியல் நிகழ்ச்சிகளில் தன் பிள்ளைகளையும் சேர்க்க வழி உண்டா என்று கேட்கிறார். பாடசாலையில் தொலைநோக்கி இல்லை, வாங்கப் பணமும் இல்லை.

முடியும் டீச்சர். தொலைநோக்கி இல்லாததை ஒரு குறையாகவே நினைக்காதீர்கள். நம் பக்கம் தடையாக நிற்பவை வேறு: மழை, பனிமூட்டம், கடைசி பஸ், இருட்டில் பிள்ளையை அனுப்பப் பயப்படும் அம்மா. நான் பண்டாரவளையில் கற்பித்துக்கொண்டு, ஹட்டன், தலவாக்கலைப் பாடசாலைகளுக்கும் இந்த வேலையாகப் போய்வருகிறவன். நான் சொல்வது ஒன்றுதான். முதலில் நம் மழையைப் பாருங்கள், அப்புறம் உலக நாட்காட்டியைப் பாருங்கள். பலர் தலைகீழாகச் செய்துவிட்டு, மேகத்தை அண்ணாந்து பார்த்து வீடு திரும்புகிறார்கள்.

உலக விண்வெளி வாரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1999இல் ஐ.நா. பொதுச்சபை அறிவித்தது, ஒவ்வோர் ஆண்டும் ஒக்டோபர் 4 முதல் 10 வரை. 1957 ஒக்டோபர் 4 முதல் செயற்கைக்கோளான ஸ்புட்னிக் ஏவப்பட்ட நாள், 1967 ஒக்டோபர் 10 நாடுகள் விண்வெளியைப் பயன்படுத்துவது பற்றிய விண்வெளி ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்த நாள். காரணம் நல்ல காரணம்தான். ஆனால் ஒக்டோபரில் மலைநாட்டில் பின்னேரம் இரண்டு, மூன்று மணிக்கே இடி இடிக்கத் தொடங்கிவிடும். போதாததற்கு முதலாம் திகதி சிறுவர் தினம், ஆறாம் திகதி ஆசிரியர் தினம். பாடசாலை முழுக்க நடனப் பயிற்சியில் இருக்கும். அந்த வாரத்தில் வானம் பார்க்கத் திட்டம் போடாதீர்கள். சித்திரம், ஒரு பேச்சு, போத்தலில் தண்ணீர் ரொக்கெட் என்று பகலோடு முடித்துவிடுங்கள். நிகழ்ச்சியை அவர்களுடைய இணையத்தளத்தில் பதிந்துவிட்டால் போதும், நீங்களும் உலகப் பட்டியலில் வந்துவிடுவீர்கள்.

நாசா 2010 முதல் நடத்தும் சர்வதேச நிலா பார்க்கும் இரவும் செப்டெம்பரில் அல்லது ஒக்டோபரில்தான் வரும். அதைப் பௌர்ணமியில் வைக்காமல் வளர்பிறை அரைநிலாவை ஒட்டி வைக்கிறார்கள். அரைநிலாவில் வெளிச்சமும் இருளும் சந்திக்கும் கோட்டருகே பள்ளங்களின் நிழல் நீளமாக விழும், சாதாரண பைனாகுலரிலேயே குழிகள் எடுப்பாகத் தெரியும். பௌர்ணமியன்று சூரியன் நேரே அடிப்பதால் நிலா தட்டையாக இருக்கும். அன்றைக்கு மழை பிடித்துக்கொண்டால் விடுங்கள். பெப்ரவரி அரைநிலாவிலும் அதே குழிகள்தான்.

மலைநாடு என்று ஒரே பெயரில் சொன்னாலும் நமக்கு வானம் இரண்டு. ஹட்டன், மஸ்கெலியா, தலவாக்கலை எல்லாம் மேற்குச் சரிவு. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை. அந்த மாதங்களில் நட்சத்திரம் தெரிவது லொத்தர் விழுகிற மாதிரி. ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் வரைதான் உங்கள் காலம். பகலில் சுள்ளென்று வெயில், இரவில் கொழுந்தைக் கருக்கும் உறைபனி, மேலே பளிச்சென்ற வானம். ஊவாப் பக்கம் நேர் எதிர். பண்டாரவளை, வெலிமடையில் டிசெம்பர், ஜனவரியில் வடகீழ் மழை ஊற்றும். ஜூன் முதல் ஓகஸ்ட் வரை காய்ந்த காற்றும் தெளிந்த இரவும். அதனால் ஊவாவில் ஒரு பாடசாலையோடு கூட்டுச் சேர்ந்துகொள்ளுங்கள். ஒரு பக்கம் மூடினால் மறுபக்கம் திறக்கும்.

இப்போது, உங்களுக்கு அப்படியே பொருந்தும் திட்டம் ஒன்று. குளோப் அட் நைட் என்று பெயர், 2006இல் அமெரிக்காவில் தொடங்கியது. இரவு வானம் எவ்வளவு இருட்டாக இருக்கிறது என்று உலகம் முழுக்கப் பொதுமக்கள் வெறும் கண்ணால் பார்த்துப் பதிவு செய்கிறார்கள். கருவி ஒன்றும் வேண்டாம். மாதத்தில் நிலா இல்லாத பத்து இரவுகள் போலக் குறித்துத் தருவார்கள். நம் வீடுகளில் அமாவாசை என்றைக்கு என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, அதை ஒட்டித்தான் வரும். சூரியன் மறைந்து ஒரு மணி நேரத்துக்குமேல் ஆனபின் வெளியே போய், கண் இருட்டுக்குப் பழகும்வரை இருந்து, சொல்லப்பட்ட நட்சத்திரக் கூட்டத்தைப் பார்க்க வேண்டும். அவர்கள் தரும் படங்களில் ஒன்றில் நாலு நட்சத்திரம்தான் இருக்கும், இன்னொன்றில் வானம் நிறைய இருக்கும். உங்கள் தலைக்கு மேல் தெரிவது எந்தப் படத்தோடு ஒத்துப்போகிறதோ அதைத் தெரிவு செய்து, இடத்தையும் நேரத்தையும் சேர்த்து அனுப்பினால் வேலை முடிந்தது.

ஆண்டின் முதல் மாதங்களில் அவர்கள் பார்க்கச் சொல்வது பெரும்பாலும் ஓரியன் என்ற நட்சத்திரக் கூட்டம். உங்களுக்கு மழை விட்டிருக்கும் காலமும் அதுவே. அது பூமத்திய ரேகைக்கு நேர் மேலே ஓடும் வான நடுக்கோட்டில் இருப்பதால், ஏழு பாகை வடக்கில் இருக்கும் நமக்குப் பெப்ரவரி நடுவில் இரவு எட்டு மணிக்குக் கிட்டத்தட்ட உச்சந்தலையில் நிற்கும். மலை மறைக்காது, மரம் மறைக்காது. கழுத்து வலிக்காமல் பார்க்க, படங்கை விரித்துப் பிள்ளைகளை மல்லாக்கப் படுக்கவையுங்கள். டோர்ச்சுக்கு சிவப்புக் கண்ணாடித்தாளை இரண்டு மடிப்பாகச் சுற்றி ரப்பர் பட்டி போடுங்கள்; வெள்ளை வெளிச்சம் ஒரு தடவை கண்ணில் பட்டால் திரும்பவும் இருட்டுக்குப் பழக இருபது நிமிடமாவது போகும். முக்கியமாகப் போனை வாங்கி வைத்துவிடுங்கள். பெரியவர்களுடையதையும்.

இதில் ஒரு சுவாரசியமும் உண்டு. டிசெம்பர் போயாவிலிருந்து வெசாக் வரை சிவனொளிபாத மலைக்கு யாத்திரைக் காலம். நல்லதண்ணியிலிருந்து உச்சி வரை படி நெடுக விளக்கு எரியும். மஸ்கெலியாப் பக்கத்துப் பிள்ளைகள் மலையைப் பார்த்து நின்று ஒரு தடவை, முதுகைக் காட்டி நின்று ஒரு தடவை எண்ணினால், வெளிச்சம் எத்தனை நட்சத்திரத்தை விழுங்குகிறது என்று அவர்களே சொல்லிவிடுவார்கள். அந்த விளக்குகளை அணைக்கச் சொல்லி யாரும் கேட்கப் போவதில்லை, கேட்கவும் கூடாது. அளந்து பார்ப்பதில் தப்பில்லை.

இரவு நிகழ்ச்சியைப் பாடசாலையில் வைக்காமல் லயத்துக்குப் பக்கத்தில், கோவில் முற்றத்தில் வைப்பது நல்லது. தேயிலைக்குள் சிறுத்தையும் காட்டுப்பன்றியும் நடமாடும் இடத்தில், எட்டரை மணிக்குப் பிள்ளையை நடந்து வரச்சொல்வது சரியில்லை. முற்றத்தில் வைத்தால் கொழுந்தெடுத்துக் களைத்து வந்த அம்மாவும் அரை மணி நேரம் உட்காருவார். அப்பாயி வந்து, கார்த்திகை மீனையும் விடிவெள்ளியையும் அவர் கேட்டறிந்த கதையோடு சொல்வார். வெளிநாட்டிலிருந்து வரும் செயல்தாள்களில் இந்தக் கதை எதுவும் இருக்காது. இன்னொன்று, ஐரோப்பாவில் தயாரித்த தாளில் துருவ நட்சத்திரத்தைக் கண்டுபிடிக்கச் சொல்லியிருக்கும். நமக்கு அது அடிவானத்திலிருந்து ஏழு பாகை உயரம்தான், எதிர்மலை விழுங்கிவிடும். அதைத் தேடிப் பிள்ளைகளைச் சலிப்படையச் செய்யாமல் ஏப்ரல், மே இரவில் தெற்கே தென்சிலுவையைக் காட்டுங்கள். லண்டனில் இருப்பவர்களுக்கு அது கிடைக்காது.

இரவு ஒத்துவராவிட்டால் பகல் இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்தது நிழல் அளக்கும் சோதனை. இரண்டாயிரத்துச் சொச்சம் ஆண்டுகளுக்கு முன் கிரேக்க அறிஞர் எரடோஸ்தனிஸ் எகிப்தில் நிழலை வைத்துப் பூமியின் சுற்றளவைக் கணித்ததை, பகலும் இரவும் சமமாகும் சமஇரவு நாளை ஒட்டிப் பல நாட்டுப் பாடசாலைகள் இன்றும் சேர்ந்து செய்கின்றன. மார்ச் 21ஐ ஒட்டி, நட்டநடுப் பகலில், ஒரு மீற்றர் கம்பைத் தரையில் செங்குத்தாக நட்டு மிகக் குறுகிய நிழலை அளவெடுக்க வேண்டும். ஹட்டனில் அது ஏறக்குறைய 12 சென்ரிமீற்றர். அதே நாளில் யாழ்ப்பாணத்துப் பாடசாலை ஒன்று அளந்தால் 17 வரும். இரண்டையும் கோணமாக மாற்றினால் வித்தியாசம் 2.7 பாகைக்குச் சற்று மேல். வடக்குத் தெற்காகத் தூரம் 300 கிலோமீற்றரை ஒட்டி. இத்தனை பாகைக்கு இவ்வளவு தூரம் என்றால் முழு வட்டமான 360 பாகைக்கு எவ்வளவு? மிச்சம் வெறும் பெருக்கல், வகுத்தல். பூமியின் சுற்றளவு 40,000 கிலோமீற்றருக்குக் கிட்ட வந்து நிற்கும். கம்பு சரிந்தால் விடை எங்கேயோ போய்விடும், அதனால் ஒரு நூலில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டுச் சரிபாருங்கள். இதில் நான் கண்ட பெரிய லாபம் கணக்கு இல்லை, யாழ்ப்பாணத்துப் பிள்ளையும் தோட்டத்துப் பிள்ளையும் போனில் “உங்க நிழல் எவ்வளவு?” என்று கேட்டுக்கொள்வதுதான்.

ஏப்ரல் 7ஐ ஒட்டியும் செப்டெம்பர் 5ஐ ஒட்டியும் சூரியன் நம் தலைக்கு நேரே வரும். அன்று 12 மணி தாண்டிச் சில நிமிடத்தில் செங்குத்தாக நிற்கும் எதற்கும் நிழல் இருக்காது. ஒரு சோடாப் போத்தல் போதும். ஏப்ரலில் வருடப்பிறப்பு விடுமுறை குறுக்கிடும், செப்டெம்பரில் உங்கள் பக்கம் மேகம் குறுக்கிடும். எது வாய்க்கிறதோ அதில் செய்யுங்கள்.

கணினி அறையும் ஓரளவு இணையமும் இருந்தால், உயர்தரப் பிள்ளைகளுக்கு சிறுகோள் தேடல் இருக்கிறது. சர்வதேச வானியல் தேடல் கூட்டமைப்பு என்ற அமெரிக்க அமைப்பு இதை இலவசமாக நடத்துகிறது. ஹவாய்த் தீவுகளில் உள்ள பான்ஸ்டார்ஸ் தொலைநோக்கி, வானத்தின் ஒரே துண்டைச் சில நிமிட இடைவெளிகளில் எடுத்த நான்கு படங்கள் வரும். அவற்றை மென்பொருளில் மாற்றி மாற்றி ஓடவிட்டால் நட்சத்திரங்கள் அசையாது, சிறுகோள் மட்டும் புள்ளியாக நகரும். கண்டுபிடித்தால் அறிக்கை எழுதி அனுப்ப வேண்டும். மழையா வெயிலா என்ற கவலையே கிடையாது. முதல் அறிக்கைக்கு ஆங்கிலத்தோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும், உண்மைதான். அதற்குப் பிறகு பிள்ளைகள் உங்களைத் தாண்டிப் போய்விடுவார்கள்.

தொலைநோக்கி பற்றியும் சொல்லிவிடுகிறேன், எப்படியும் யாராவது வாங்கித்தர வருவார்கள். ஒரு பாடசாலைக்குக் கொழும்பிலிருந்து ஒரு குழு வந்தது, பெயர் வேண்டாம். பனிமூட்டத்தில் பெரிய குழாயை நிறுத்தினார்கள், பனர் கட்டினார்கள், ஸ்வெட்டர் போட்ட பிள்ளைகளை வரிசையில் நிற்கவைத்துப் படம் எடுத்தார்கள். சான்றிதழ் முன்பே அச்சடித்து வந்திருந்தது. ஒரு நட்சத்திரம்கூடத் தெரியவில்லை. வந்தவர்களில் தமிழ் பேச ஒருவரும் இல்லை. சான்றிதழ் தாராளமாகக் கொடுக்கட்டும், எனக்கு அதில் கோபம் இல்லை. மேகம் மூடினால் என்ன பேசலாம் என்று யோசிக்காமல் வந்ததுதான் கோபம்.

யாராவது பணம் தருகிறோம் என்றால், 525 மடங்கு என்று பெட்டியில் எழுதிய தொலைநோக்கியை வாங்கவிடாதீர்கள். அத்தனை மடங்கு பெருக்கினால் மங்கலும் ஆட்டமும்தான் தெரியும். பத்து மடங்கு பெருக்கும், 50 மில்லிமீற்றர் வில்லையுள்ள ஒரு 10×50 பைனாகுலர் கேளுங்கள். சுவரில் முழங்கையை ஊன்றிப் பிடித்தால் வியாழனின் நான்கு பெரிய நிலவுகளும் தெரியும். கலிலியோ 1610இல் பார்த்தவை அவைதான். ஆனால் நம்மூர் ஈரத்தில் வில்லைக்குள் பூஞ்சணம் பிடிக்கும், தோல் உறைக்குள் போட்டு அலுமாரியில் பூட்டிவைத்தால் இன்னும் சீக்கிரம். மூடி இறுக்கமான பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பைகளோடு வையுங்கள், அவ்வப்போது பைகளைக் காயவையுங்கள்.

யாரிடம் எழுதிக் கேட்பது என்றால், சர்வதேச வானியல் ஒன்றியத்துக்கு டோக்கியோவில் மக்கள் தொடர்புக்கென்றே ஓர் அலுவலகம் உண்டு. பல நாடுகளிலும் அதற்குத் தேசிய ஒருங்கிணைப்பாளர்கள் இருக்கிறார்கள், பட்டியல் அவர்களுடைய தளத்தில் கிடைக்கும். மொரட்டுவை கட்டுபெத்தையில் உள்ள ஆர்தர் சி. கிளார்க் நவீன தொழில்நுட்ப நிறுவனத்துக்கும் அதிபர் மூலம் ஒரு கடிதம் போடுங்கள். அந்த ஒன்றியம் தன் நூற்றாண்டையொட்டி 2019இல் நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்கு ஆளுக்கொரு நட்சத்திரமும் அதன் கோளும் கொடுத்துப் பெயர் வைக்கச் சொன்னது. இலங்கை வைத்த பெயர்கள் சாமய, சமகிய. அடுத்த தடவை அறிவிப்பு வரும்போது தோட்டத்துப் பிள்ளைகளிடமிருந்தும் ஒரு பெயர் போகட்டும்.

கிரகணங்களையும் இப்போதே குறித்துவையுங்கள். 2028 டிசெம்பர் 31, ஞாயிறு, போயா தினம்: இரவு பத்தேகாலை ஒட்டி முழுச் சந்திர கிரகணம், நிலா நல்ல உயரத்தில் இருக்கும். 2031 மே 21 அன்று, சூரியன் வளையமாகத் தெரியும் கங்கண சூரிய கிரகணம் தென்னிந்தியாவையும் நம் நாட்டின் வடக்கையும் கடக்கிறது; மலைநாட்டில் பெரிய பகுதிக் கிரகணமாகத் தெரியும். அன்று புதன்கிழமை, பட்டப்பகல். மே மாதம் என்பதால் உங்கள் பக்கத்தை நம்பாமல் ஊவாக் கூட்டாளிப் பாடசாலையிடம் முன்பே பேசிவையுங்கள். எக்ஸ்ரே படம், கறுப்புக் கண்ணாடி எல்லாம் வேண்டவே வேண்டாம், ஐ.எஸ்.ஓ. 12312-2 தரம் அச்சிட்ட கிரகணக் கண்ணாடியாகப் பார்த்து வாங்குங்கள், அதையும் கடைசி வாரத்தில் தேடாமல் சில மாதம் முன்பே. கண்ணாடி கிடைக்காத வகுப்புக்கு, சமையலறைச் சல்லடையை வெயிலில் பிடித்தால் ஒவ்வொரு துளையின் கீழும் ஒரு பிறைச் சூரியன் தரையில் விழும்.